ஹில்க்கா சவுனாவுக்கு வராத சனிக்கிழமை

ஜூலை மாதத்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம், குர்கிலாம்பி ஊரின் ஏரிக்கரைப் பொதுச் சவுனா என்னும் நீராவிக் குளியலறையில் பெண்கள் முறை தொடங்கியபோது, மேல் பலகையில் அடுப்பை ஒட்டிய மூலை காலியாகக் கிடந்தது. அது ஹில்க்கா தஸ்கினெனின் மூலை. அவள் எப்படியும் வந்துவிடுவாள் என்று மற்றவர்கள் அந்த இடத்தை விட்டுவைத்து நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். சுட்ட கல்லில் தண்ணீர் ஊற்றினார்கள், வியர்த்தார்கள், ஓடிப்போய் ஏரியில் விழுந்தார்கள், திரும்பி வந்தார்கள். மூலை காலியாகவே இருந்தது.

பின்லாந்தில் ஒருத்தி கல்யாணத்துக்கு வராமல் இருக்கலாம், ஏதோ அசௌகரியம் என்று விட்டுவிடுவார்கள். சனிக்கிழமை சவுனாவுக்கு வரவில்லை என்றால் அவள் பிரசவ ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், அல்லது கல்லறையில் இருக்க வேண்டும். ஹில்க்கா இரண்டிலும் இல்லை. தன் வீட்டுச் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து புது உருளைக்கிழங்கைத் தோல் சுரண்டிக்கொண்டிருந்ததை வரும் வழியில் இரண்டு பேர் பார்த்திருந்தார்கள்.

"உடம்புக்கு ஏதாவது இருக்கும்" என்றாள் ஒருத்தி.

"உடம்புக்குன்னா அவளே வந்து சொல்லியிருப்பாளே! எங்க வலிக்குது, எப்போலேர்ந்து வலிக்குது, டாக்டர் எப்படி முழிச்சார், எல்லாத்தையும்!" என்றாள் இர்யா. இர்யா சந்தைத் திடலில் காபிக் கூடாரம் வைத்திருப்பவள், ஹில்க்காவுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதி. "இது வேற விஷயம். நேத்துதான் தலைநகரத்துலேர்ந்து வந்தா. அங்க என்னமோ கேட்டுட்டு வந்திருக்கா. வாயைத் திறந்தா கொட்டிடுவோம்னு பயந்துகிட்டு வீட்டுல கெடக்கா."

இர்யா சொன்னது அச்சு அசலாகச் சரி. அதுதான் ஹில்க்காவுக்கு வந்த சங்கடம்.

ஹில்க்கா பஸ் நிலையத்துக்கு எதிரே முடிதிருத்தும் கடை வைத்திருந்தவள். கத்தரிக்கோலும் வாயும் சேர்ந்தே ஓடும். எது நின்றாலும் மற்றது நின்றுவிடும் என்று ஊரில் கேலி பேசுவார்கள். பாதிரியார் வீட்டில் யாருக்கும் யாருக்கும் மனஸ்தாபம், எந்தப் படகு விலைக்கு வருகிறது, யார் வீட்டு ஸ்ட்ராபெரி இந்த வருஷம் பழுக்கவே இல்லை என்பதெல்லாம் அவள் நாற்காலியில் உட்கார்ந்தால் கிடைக்கும். 'காலைச் செய்தி' என்று அவளுக்குப் பட்டப்பெயர். குர்கிலாம்பி இருக்கும் சவோ வட்டாரத்துக்காரர்கள் எல்லோருமே வாயாடிகள்தான். கேட்ட கேள்விக்கு நேர்ப் பதில் சொல்வது அங்கே கொஞ்சம் மரியாதைக் குறைவு. அப்படிப்பட்டவர்கள் நடுவிலேயே ஒருத்தி வாயாடி என்று பேர் வாங்கினாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாடாளுமன்றத் தேர்தலுக்கு அவளைக் கட்சிக்காரர்கள் நிறுத்தியது சும்மா ஒரு பேருக்கு. பட்டியலில் ஒரு பெண் பெயர் குறைந்தது, கேட்டார்கள், ஹில்க்கா சிரித்துக்கொண்டே சரி என்றாள். அவள் வெட்டிவிட்ட தலைகள் எல்லாம் வோட்டாகத் திரும்பி வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கட்சியின் பெரிய மனிதர் ஒருவர் தோற்றார், ஹில்க்கா ஜெயித்துத் தலைநகரமான ஹெல்சின்கிக்கு ரயில் ஏறினாள். இனி இவளை எங்கே வைப்பது என்று யோசித்து நாடாளுமன்றத்தின் பெருங்குழுவில் மாற்று உறுப்பினராகப் போட்டு வைத்தார்கள். முழு உறுப்பினர் வராத நாளில்தான் மாற்று உறுப்பினருக்கு நாற்காலி. அதனால் வாயும் அடங்கியிருக்கும் என்பது கணக்கு.

பெருங்குழு என்பது லேசுப்பட்ட இடமில்லை. ஐரோப்பியக் கூட்டாளி நாடுகளுக்கு அரசாங்கம் எதை ஒப்புக்கொள்வதானாலும், மந்திரி விமானம் ஏறுவதற்கு முன்னால் இந்தக் குழுவின் எதிரில் வந்து உட்கார வேண்டும். இன்ன விஷயம், இன்ன மட்டும் இறங்கி வருவேன், இதற்கு மேல் போக மாட்டேன் என்று சொல்லி, குழுவின் சம்மதத்தை வாங்கிக்கொண்டுதான் போக முடியும். மற்றவர்களுக்கு இது ஒரு சடங்காகப் பட்டிருக்கலாம். ஹில்க்காவுக்கு இதைப் போலப் பிடித்த ஏற்பாடு நாடாளுமன்றத்தில் வேறு கிடையாது. முன்னாலேயே வந்து கேட்கிறார்களே! அந்த ஒரு விஷயம் அவள் மனசைத் தொட்டுவிட்டது.

அதற்கு ஒரு காரணம் உண்டு. தொண்ணூறுகளில் நாடு முழுக்க வங்கிகள் நொடித்து, ஜாமீன் கையெழுத்துப் போட்டவன் எல்லாம் தெருவுக்கு வந்த காலம். இர்யாவின் கணவன் கௌகோ தன் பெரியப்பா மகனின் படகுப் பட்டறைக்கு ஜாமீன் போட்டான். முதல் தடவை இர்யாவிடம் கேட்டுவிட்டுத்தான் போட்டான். இரண்டாம் தடவை பெரிய தொகைக்கு, அவளிடம் கேட்காமல் போட்டான். பட்டறை மூழ்கியது, இவர்கள் வீடும் கூடவே போனது. அந்த வாரம் இர்யா ஒரு மஞ்சள் பெட்டியோடு ஹில்க்காவின் கடைக்கு வந்தாள். தலைக்குச் சாயம் போட்டுக்கொண்டு, பஸ் வந்ததும் ஏறிப் போய்விடுவது, திரும்பி வருவதில்லை என்பது அவள் முடிவு.

"பணம் போனதுக்கு நான் அழலைடி. மொத கையெழுத்துக்கு என்னைக் கேட்டார். ரெண்டாவதுக்குக் கேக்கலை. கேட்டிருந்தா நானே சரின்னு சொல்லியிருப்பேன், ஹில்க்கா. கேக்கலையே!" என்று சாயம் அப்பிய தலையோடு அவள் அழுதாள்.

ஹில்க்கா அன்றைக்குப் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. "இன்னும் சாயம் பிடிக்கலை, இரு" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாள். பஸ் வந்தது, நின்றது, போயே விட்டது. அப்புறம்தான் தலையை அலசிவிட்டாள். இர்யாவின் முடி நல்ல ஆரஞ்சு நிறத்துக்கு வந்திருந்தது. கண்ணாடியைப் பார்த்ததும் இர்யாவுக்கு அழுகை நின்று சிரிப்பு வந்தது, வீட்டுக்குப் போனாள். பெட்டி கடையின் பின்னறையிலேயே தங்கிவிட்டது. கௌகோவுக்கு இன்றுவரை தெரியாது. அந்த வருஷம் இர்யாவின் தலை ஏன் அப்படி இருந்தது என்று ஊரும் இன்றுவரை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. உங்களிடம் இதைச் சொல்வதுகூட, நீங்கள் குர்கிலாம்பிக்கு வந்து இர்யாவின் கூடாரத்தில் காபி குடிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில்தான்.

இப்போது, சவுனாவுக்கு முந்தின நாள், பெருங்குழு கூடிய வெள்ளிக்கிழமைக்கு வருவோம். தெற்கே ஒரு கூட்டாளி நாடு கஷ்டத்தில் இருந்தது, எல்லா நாடுகளும் சேர்ந்து ஜாமீன் நிற்க வேண்டும் என்று பேச்சு. ஜூலையில் பின்லாந்தே ஏரிக்கரைக் குடில்களில் கிடக்கும். அங்கிருந்து உறுப்பினர்களைப் பிடித்து இழுத்து வந்திருந்தார்கள். ஒருவர் மூக்கு வெயிலில் தோலுரிந்திருந்தது, ஒருவர் கோட்டில் மீன் வாடை, ஓர் அம்மாள் கூட்டம் முழுக்கக் கொசுக்கடியைச் சொறிந்துகொண்டே இருந்தார். முழு உறுப்பினர் வெளிநாட்டில் இருந்ததால் ஹில்க்காவுக்கு நாற்காலி கிடைத்தது.

நிதி மந்திரி வழுக்கைத் தலையைத் துடைத்துக்கொண்டு விவரத்தைச் சொன்னார். எந்த எல்லை வரைக்கும் ஜாமீன் நிற்க அரசாங்கம் தயார் என்ற தொகையையும் சொன்னார். "இந்த எல்லை செவ்வாய்க்கிழமை வரைக்கும் இந்த அறையைத் தாண்டக் கூடாது. வெளியே தெரிஞ்சா எதிர்ல உக்காந்திருக்கறவங்க பேரத்தை அங்கேருந்துதான் ஆரம்பிப்பாங்க" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஹில்க்கா கையைத் தூக்கினாள்.

"இது போதலைன்னு அவங்க மறுபடியும் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"நெலமையைப் பார்த்து அரசாங்கம் முடிவு பண்ணும்."

"எங்களைக் கேட்டுட்டா?"

"உங்களுக்குத் தகவல் வரும்."

"கையெழுத்துக்கு முன்னாடி வருமா, பின்னாடி வருமா?"

மந்திரி தண்ணீர் குடித்தார். நேர்மையான மனிதர், கோப்பைப் புரட்டித் தேடியும் பார்த்தார். யோசனை எதுவும் இருந்தால் செவ்வாய்க்கிழமை முடிவெடுக்கும் கூட்டத்தில் முன்வைக்கலாம் என்று தலைவர் சொல்லிக் கூட்டத்தைக் கலைத்தார். வைக்கத்தான் போகிறேன் என்று ஹில்க்கா அங்கேயே முடிவு கட்டிவிட்டாள்.

வெளியே தாழ்வாரத்தில் லிண்ட்ரூஸ் காத்திருந்தார், அவள் கட்சியின் அணித்தலைவர், அதே குழுவில் உறுப்பினர். உயரமான மனிதர், சட்டையில் மடிப்பு கலையாது.

"ஹில்க்கா, உங்க ஊர்ல உன்னை என்னன்னு கூப்பிடுவாங்கன்னு எனக்குத் தெரியும்."

"காலைச் செய்தி. சாயங்காலப் பதிப்பும் உண்டு."

"சிரிக்காதே. ஒரு வார்த்தை வெளியே போச்சுன்னா, செவ்வாய்க்கிழமை அந்த நாற்காலியில நீ இருக்க மாட்டே. இன்னொரு மாற்று உறுப்பினர் லாப்லாந்துல மீன் பிடிச்சுக்கிட்டிருக்கார். ஒரு போன் போட்டா வந்துடுவார்."

அந்த மீன்பிடி மனிதர் நல்லவர்தான், ஆனால் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். இவள் இல்லாவிட்டால், இரண்டாம் கையெழுத்துக்கு முன்னால் வந்து கேள் என்று சொல்ல அந்த அறையில் ஆள் இருக்காது. லிண்ட்ரூஸை அவளால் குறை சொல்லவும் முடியவில்லை. அவள் நாக்கை அவளே நம்பவில்லை. அதிலும் சவுனாவின் மேல் பலகையில் இரண்டாம் கரண்டித் தண்ணீர் கல்லில் விழுந்து ஆவி முதுகைத் தொட்டதும் தன் வாய் தானாகத் திறந்துகொள்ளும் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். சவுனாவில் பேசியது கணக்கில் வராது என்று சொல்லிக்கொண்டே ஊரார் அங்கேதான் எல்லாவற்றையும் கறந்துவிடுவார்கள். ரயிலில் வரும்போதே முடிவு செய்துவிட்டாள், செவ்வாய் வரைக்கும் சவுனா கிடையாது.

அவள் கணவன் என்சியோ மரலாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். மனைவி இரண்டு பேருக்குமாகச் சேர்த்துப் பேசிவிடுவதால் அவன் பேசுவதை ஏறக்குறைய விட்டேவிட்டான். சனிக்கிழமை துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவன், உருளைக்கிழங்குச் சட்டியோடு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துத் திகைத்து நின்றான்.

"சவுனாவுக்குக் கெளம்பலையா?"

"தலைவலி."

"சவுனா போனா சரியாயிடும்."

"வயித்து வலியும் இருக்கு."

"அதுக்கும் சவுனாதான்."

"என்சியோ, எனக்கு ஒரு ரகசியம் தெரியும். உள்ளுக்குள்ள குடைஞ்சுகிட்டே இருக்கு. உங்கிட்ட மட்டுமாவது..."

"வேண்டாம் தாயே. எங்கிட்ட சொன்னா நான் ஞாபகம் வெச்சுக்கணும்." அவன் துண்டை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டான். ஹில்க்கா தன் ரகசியத்தை உருளைக்கிழங்கிடம் சொல்லலாமா என்று யோசித்தாள். ஜன்னல் திறந்திருந்தது, அதனால் அதையும் விட்டுவிட்டாள்.

வாயை மூடினால் விஷயம் மூடிவிடும் என்று நினைத்தாள் பாருங்கள், அங்கேதான் தப்பு. வேறு யார் வாயை மூடினாலும் மூடியிருக்கும். இவள் மூடினால் அதுவே சேதி. ஜாமீன் பேச்சு பத்திரிகைகளில் ஏற்கெனவே அடிபட்டது, தொகைதான் யாருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை இர்யாவின் கூடாரத்தில் காபியும் ஏலக்காய் பன்னுமாக ஊர் கூடி, ஹில்க்கா சொல்லாததையெல்லாம் கணக்குப் போட்டது.

"சின்னத் தொகையா இருந்தா சவுனாவுக்கு வந்திருப்பா" என்றார் ஓய்வு பெற்ற தபால்காரர். "வரலை. அப்போ பெருசு."

"பெருசா இருந்தா கோபத்துல சவுனாவுக்கு வந்து கத்தியிருப்பா. வரலை. அப்போ கத்தக்கூட முடியாத அளவுக்குப் பெருசு" என்றான் மீன்காரன்.

"நம்ம ஏரியை அடமானம் வெச்சிருப்பாங்களோ?"

"ஏரியை வாங்கிட்டு அவங்க என்ன பண்ணுவாங்க? அவங்ககிட்ட கடலே இருக்கு."

உள்ளூர் வாரப் பத்திரிகையின் நிருபர் வெசா ஓரமாக உட்கார்ந்து பன்னைக் காபியில் நனைத்துக்கொண்டிருந்தான். ஜூலையில் அவனுக்குச் செய்தியே கிடைக்காது. போன வாரத் தலைப்பு, ஒரு மாடு நீந்திப் போனதைப் பற்றி. திங்கட்கிழமை காலை பத்திரிகையின் இணையப் பக்கத்தில் புதுத் தலைப்பு வந்தது: 'நாடாளுமன்ற உறுப்பினர் சவுனாவுக்கு வரவில்லை. குர்கிலாம்பியில் கவலை.' மதியத்துக்குள் தலைநகரத்துப் பத்திரிகைகள் அதை எடுத்துப் போட்டுவிட்டன. பெருங்குழு உறுப்பினர் ஒருவர் குளிக்கக்கூடப் போகாத அளவுக்கு மந்திரி என்னதான் சொன்னார் என்று கேள்வி கிளம்பிவிட்டது.

லிண்ட்ரூஸ் போனில் கத்தினார். அவர் கத்தி யாரும் கேட்டதே இல்லை.

"சொல்லிட்டே!"

"ஒரு வார்த்தை சொல்லலை! உருளைக்கிழங்குகிட்டக்கூடச் சொல்லலை!"

"அதான் பிரச்சினை! நீ சொல்லாததைத்தான் நாடே படிச்சுக்கிட்டிருக்கு! மந்திரி ஆபீஸ்லேர்ந்து மூச்சு விடாம போன் வருது. நான் லாப்லாந்துக்குப் போன் போடறேன்."

"போடாதீங்க!" என்று ஹில்க்கா பதறினாள். "இன்னிக்கே சவுனாவுக்குப் போறேன். போயிட்டு ஒண்ணும் சொல்லாம திரும்பி வரேன். அப்போ ஒண்ணும் இல்லைன்னு எல்லாரும் நம்பிடுவாங்க இல்லையா?"

லிண்ட்ரூஸ் அதை ஒவ்வொரு வார்த்தையாகத் திருப்பிச் சொன்னார்.

"நீ. சவுனாவுக்குள்ள. ஒண்ணும் சொல்லாம."

"ஆமா."

"சாயங்காலம் வரைக்கும் பொறுக்கறேன்" என்று லிண்ட்ரூஸ் போனை வைத்தார். அவர் குரலில் நம்பிக்கையை விட வேடிக்கை பார்க்கும் ஆசைதான் அதிகம் இருந்தது.

திங்கட்கிழமையன்று சவுனா அடுப்பு எரிகிறது என்ற சேதி ஊருக்குள் பரவிய வேகத்துக்குப் பெண்கள் எல்லோரும் துண்டோடு வந்து சேர்ந்துவிட்டார்கள். சவுனாச் சாவி இர்யாவிடம்தான் இருக்கும், ஹில்க்கா கேட்டதுமே விறகு போட்டுக் கல்லைப் பழுக்க வைத்திருந்தாள். ஹில்க்கா உள்ளே நுழைந்ததும் எல்லோரும் நகர்ந்து வழி விட்டார்கள். மூலை இடம் அவளுக்காகவே துடைத்து வைக்கப்பட்டிருந்தது. கசாப்புக்கடையில் ஆட்டுக்குத் தழை வைப்பார்களே, அந்த மாதிரி.

"வாடி வா" என்றாள் இர்யா, கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு.

முதல் கரண்டித் தண்ணீர் கல்லில் விழுந்தது. கல் சீறியது, ஆவி கூரையில் மோதிக் கழுத்தில் இறங்கியது. ஹில்க்காவுக்கு நாக்கு நுனி துருதுருத்தது. இரண்டாம் கரண்டி விழுந்தது. சும்மா இருந்தால் கதை முடிந்தது என்று அவளுக்குப் புரிந்தது. ஓடுகிற வாயை நிறுத்தத்தான் முடியாது, வேறு பக்கம் திருப்பிவிடலாமே? திருப்பிவிட்டாள்.

"நாடாளுமன்றத்துல காபி எப்படி இருக்கும் தெரியுமா? கழுநீர்! ஆனா பன் நல்லாருக்கும். அந்த பன் போடறவரோட பொண்ணு நார்வேல கல்யாணம் பண்ணியிருக்கா, மாப்பிள்ளைக்குக் கால் ரெண்டும் ஒரே அளவு இல்லை, ஒரு செருப்பு பெருசு, ஒண்ணு சிறுசு, கடைக்காரன் ரெண்டு ஜோடி வாங்குன்னு சொல்றானாம்..."

"தொகை எவ்வளவுடி?" என்றாள் தபால்காரர் மனைவி.

"தொகைன்னதும் ஞாபகம் வருது, உங்க மருமக புதுசா வாங்கினாளே துணி துவைக்கிற மிஷின்..." என்று ஹில்க்கா அங்கேயிருந்து துணி மிஷினுக்குப் போய், மிஷினிலிருந்து பாதிரியாரின் காணாமல் போன காலுறைக்குப் போய், காலுறையிலிருந்து ஹெல்சின்கி ரயிலுக்கும், ரயிலிலிருந்து மூட்டு வலிக்கும் போனாள். கேள்வி எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். பெண்கள் ஒவ்வொருத்தியாக முகம் சிவந்து, தலை சுற்றி, ஏரிக்கு ஓடினார்கள். திரும்பி வந்தபோதும் ஹில்க்கா பேசிக்கொண்டேதான் இருந்தாள், அவள் மட்டும் இறங்கவே இல்லை.

கடைசியில் இர்யா இடுப்பில் கை வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"போதும்டி நிறுத்து! நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நல்லதா, கெட்டதா? தலையை ஆட்டினாப் போதும். உன் ஆயுசுல நீ எதையாவது மறைச்சதா சரித்திரம் உண்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஹில்க்காவும் சிரித்தாள், கண்ணில் வியர்வையா கண்ணீரா என்று சொல்ல முடியவில்லை. அவள் முன்னால் குனிந்து இர்யாவின் காதோரம், வேறு யாருக்கும் கேட்காதபடி, இரண்டே வார்த்தை சொன்னாள்.

"மஞ்சப் பெட்டி."

இர்யாவின் கை இடுப்பிலிருந்து இறங்கியது. அவள் ஹில்க்காவைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். கௌகோவோடு அதற்கப்புறம் வாழ்ந்த வாழ்க்கை, பெற்ற பிள்ளைகள், புதிதாகக் கட்டிய வீடு, கூடாரம், அத்தனை காலமும் இந்த வாய் இந்த ஊரில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஊரில் ஒரு ஈ காக்கைக்கும் அந்தப் பெட்டியைப் பற்றித் தெரியாது.

"எழுந்திரிங்க எல்லாரும்" என்றாள் இர்யா, மற்றவர்களைப் பார்த்து. "போய் ஏரியில விழுங்க. இவ சொல்ல மாட்டா."

"உனக்கெப்படித் தெரியும்?"

"தெரியும்." அவள் கரண்டியை வாளியில் போட்டாள். "அடுப்பும் அணையப் போகுது, போங்க போங்க."

சாயங்காலம் வெசாவின் பக்கத்தில் இரண்டாம் செய்தி வந்தது: 'உறுப்பினர் சவுனாவுக்கு வந்தார். காலுறை பற்றிப் பேசினார்.' தலைநகரத்துப் பத்திரிகைகள் சலித்துப்போய் வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டன. லாப்லாந்து மனிதர் தன் மீனைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

செவ்வாய்க்கிழமை அதே அறையில் ஹில்க்கா கையைத் தூக்கி யோசனையை முன்வைத்தாள். ஜாமீன் நிற்கலாம், கஷ்டத்தில் இருக்கிறவர்களுக்கு நிற்கவும் வேண்டும். ஆனால் இன்று ஒப்புக்கொண்டதற்கு மேல் ஒரு காசு போவதானாலும், கையெழுத்துக்கு முன்னால் மந்திரி இங்கே திரும்பி வந்து கேட்க வேண்டும்.

"உறுப்பினருக்கு என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று மந்திரி கேட்டார், கொஞ்சம் மனம் நொந்துதான்.

"நம்பிக்கை இருக்கு சார். இல்லாதவரைத் திரும்பி வாங்கன்னு கூப்பிடுவோமா? நான் முடி வெட்டினவ. பாதி வெட்டினதும் பின்னால கண்ணாடி பிடிச்சு, 'போதுமா, இன்னும் எடுக்கணுமா'ன்னு கேக்கணும். எல்லாத்தையும் வழிச்சு எறக்கிட்டு அப்புறம் கண்ணாடி காட்டினா, பார்க்கறதுக்கு என்ன இருக்கு?"

மந்திரி தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். "எனக்கு யாரும் கண்ணாடி காட்டலைன்னு இப்பதான் தெரியுது" என்றார். அறை வாய்விட்டுச் சிரித்தது. சிரித்த கையோடு வாக்கெடுப்பு நடந்தது. கொசுக்கடி அம்மாள் எதிர்க்கட்சி, அவர்தான் முதலில் கை தூக்கினார். அப்புறம் மூக்குத் தோலுரிந்தவர், மீன் வாடைக்காரர் என்று கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. லிண்ட்ரூஸ் ஜன்னலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் அவர் கையும் மேலே போனது. குழுவின் முடிவில் அந்த வாக்கியம் ஏறிவிட்டது. ஹில்க்கா கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மூச்சு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, கழுநீர் காபியைச் சர்க்கரை போட்டுக் குடித்தாள்.

அடுத்த சனிக்கிழமை வந்தது. இனிமேல் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், செவ்வாய்க்கிழமையோடு ரகசியத் தடை நீங்கிவிட்டது. ஹில்க்கா எல்லாவற்றையும் சொல்லத் தயாராகத் துண்டோடு போனாள். யாரும் கேட்கத் தயாராக இல்லை, எல்லோரும் பத்திரிகையில் படித்துவிட்டார்கள். தபால்காரர் மனைவி மட்டும் அந்த நார்வே மாப்பிள்ளையின் செருப்பு விஷயம் கடைசியில் என்ன ஆயிற்று என்று விசாரித்தாள்.

மற்றவர்கள் ஏரிக்கு இறங்கிப் போன பிறகும் மேல் பலகையில் ஹில்க்காவுக்குப் பக்கத்திலேயே இர்யா உட்கார்ந்திருந்தாள். சவுனாவில் உடம்பில் அடித்துக்கொள்ளும் பிர்ச் இலைக் கொத்தை மடியில் வைத்து ஒவ்வோர் இலையாகக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"பேப்பர்ல படிச்சேன்" என்றாள். "ரெண்டாவது கையெழுத்துக்கு முன்னாடி வந்து கேக்கணும்னு போட்டிருக்கு."

"ம்."

"முன்னாடின்னு போட்டிருக்கு. பின்னாடி இல்லை."

"ஆமா. முன்னாடி."

இர்யா மூக்கை உறிஞ்சினாள். "இவ்வளவு பெரிய அரசாங்கத்துக்கு இதை யாருடி சொல்லிக்கொடுத்தது?"

ஹில்க்கா வாளியிலிருந்து கரண்டி நிறையத் தண்ணீர் மொண்டு கல்லில் வீசினாள்.

"அது ரகசியம்" என்றாள்.